சராசரி தொண்ணூற்று நான்காயிரத்து அறுநூறு

தராசுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் முதலில் அதைப் படித்துப் பார்ப்பார். இந்தப் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் அன்று காலை பத்தேகாலுக்கே வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். எனக்கும் இதையெல்லாம் உட்கார்ந்து சொல்லும் தொல்லை மிச்சமாகியிருக்கும்.

அவர் தொழில் அப்படி. கடைத்தெருவில் பத்துக்குப் பத்தில் ஓர் அறை, அதில் இருபத்தாறு வருஷமாகத் தராசு பழுது பார்க்கிறார். இறைச்சிக்கடைத் தராசு, மருந்துக்கடைத் தராசு, நகைக்கடைத் தராசு எல்லாம் அவரிடம்தான் வரும். துடைப்பார், சமதளம் பார்ப்பார், காலித் தட்டு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பார். பிறகு மரப்பெட்டியைத் திறந்து தன் சொந்தப் பித்தளை எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்து, தட்டின் நான்கு மூலையிலும் நகர்த்திப் பார்ப்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் ‘நானே நேரில் சரிபார்த்தேன்’ என்ற சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கட்டுவார். ஒரு நகைக்கடை முதலாளி, “பார்க்கவே வேணாம், சீட்டு மட்டும் கட்டுங்க, ரெண்டு மடங்கு தர்றேன்” என்றபோது, கோபப்படக்கூட இல்லை. பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்பேர்ப்பட்ட ஆளிடம் போய்ப் பல்கலைக்கழகம் ஒரு படிவத்தை நீட்டியது.

அவருடைய ஒரே மகளுக்கு மூளை நரம்பியல் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு வேறு எந்தப் படிப்பும் கண்ணில் படவில்லை. அதற்குக் காரணம் அவள் அம்மா. அம்மாவுக்கு வலிப்பு வரும். ஒன்பது வயதிலிருந்தே மகள் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள்: தேதி, நேரம், எத்தனை வினாடி, எந்தக் கை முதலில் இழுத்தது. மூன்று நோட்டு நிறைந்துவிட்டது. அதைப் புரட்டிப் பார்த்த டாக்டர், “எந்த நர்ஸ் எழுதினது?” என்று கேட்டார். அன்றைக்கு முடிவு செய்தவள்தான்.

நான்கு வருஷப் படிப்பு, பன்னிரண்டு லட்சம் கடன். கடைத்தெரு அறைதான் அடமானம். அப்பா ஜாமீன். இதில் எதற்கும் தராசுக்காரர் முகம் சுளிக்கவில்லை. படிவத்தின் பதினான்காவது பத்தியில்தான் மாட்டிக்கொண்டார். அதை ஜாமீன்தாரர் தன் கைப்பட எழுத வேண்டுமாம்: ‘இப்படிப்பை முடித்தவர்களின் சராசரி மாத வருமானம் 94,600 என்பதை நானே நேரில் சரிபார்த்து, கடனுடன் ஒப்பிட்டு, முழுத் திருப்தி அடைந்தேன்.’

கடன் பிரிவு எழுத்தர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வருஷ அனுபவசாலி.

“மேடம், இதை எங்க சரிபார்க்கணும்?”

“எதை?”

“இந்தத் தொண்ணூத்தி நாலாயிரத்து அறுநூறை.”

“அதைச் சரிபார்க்க வேணாங்க. சரிபார்த்தேன்னு எழுதினாப் போதும்.”

“பார்க்காம எப்படி மேடம் எழுதறது?”

எழுத்தர் சற்று யோசித்தார். “பேனா இல்லையா?” என்று கேட்டுத் தன்னுடையதை நீட்டினார்.

பேனாவில் குறையில்லை என்று விளக்க ஐந்து நிமிஷம் ஆனது. எழுத்தர் அலமாரியைத் திறந்து தேடினார். கையெழுத்துப் போடத் தெரியாத ஜாமீன்தாரருக்குப் படிவம் இருந்தது. கையில் கட்டுப் போட்டவருக்கு இருந்தது. இறந்துபோன ஜாமீன்தாரருக்கே இரண்டு பக்கத்தில் ஒன்று இருந்தது. சரிபார்க்க விரும்பும் ஜாமீன்தாரருக்கு மட்டும் இல்லை. கடைசியில் ஒரு துண்டுத் தாளில் ‘இவர் சரிபார்க்க விரும்புகிறார். ஆவன செய்யவும்’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

“மூணாவது மாடி, பட்டதாரி வருமான ஆய்வு மையம். நாலு மணிக்குள்ள வந்துடுங்க. தாண்டினா உங்க பொண்ணோட இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும்.”

“அப்பா, எழுதிட்டுப் போயிடலாமே” என்றாள் மகள் படிக்கட்டில்.

“பார்த்துட்டு எழுதறேன், பாப்பா. பத்து நிமிஷ வேலைதானே” என்றார் தராசுக்காரர். மனிதர் அதை நம்பித்தான் சொன்னார்.

மூன்றாவது மாடியில் டோக்கன் இயந்திரம் இருந்தது. ஒன்றாம் எண் வந்தது. காத்திருப்பவர் வேறு ஒருவரும் கிடையாது. மூன்று மணி நேரம் கழித்து ஒலிபெருக்கி ஒன்றாம் எண்ணை அழைத்தது. கூப்பிட்டவர் எதிரே இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

அவர்தான் மைய இயக்குநர். எழுந்து நின்று கைகுலுக்கினார். “பத்து வருஷமா இந்த மையம் நடக்குது. நேர்ல வந்த முதல் பெற்றோர் நீங்கதான். ரொம்ப வருத்தமா இருக்கு” என்றார். பிறகு, “சந்தோஷமா இருக்குன்னு சொல்ல வந்தேன்” என்று திருத்திக்கொண்டார்.

“சார், அந்தச் சராசரி எப்படி வந்துச்சுன்னு பார்க்கணும்.”

“தாராளமா. ஆனா ஒண்ணு. நாங்க இங்க கடன்ங்கற வார்த்தையை உபயோகிக்கறதில்ல. முன்கூட்டியே செலவான வருமானம்னுதான் சொல்வோம். இந்தப் பெயரை வெச்சதுக்கு அப்புறம் மாணவர்கள் மத்தியில மனஅழுத்தம் பதினோரு சதவீதம் குறைஞ்சிருக்கு. அதாவது, மனஅழுத்தம்ங்கற வார்த்தையையும் நிறுத்திட்டோம்.”

தராசுக்காரர் தலையாட்டினார். “போன தடவை எத்தனை பேர் சார் படிச்சு முடிச்சாங்க?”

“நாற்பது.”

“நாற்பது பேர் சம்பளத்தையும் கூட்டினீங்களா?”

“அதுல இருபத்திரெண்டு பேர் பதில் சொல்லல. பதில் சொல்ல நேரமில்லன்னா ரொம்ப வேலையா இருக்காங்கன்னு அர்த்தம். வேலையா இருக்கறவங்க நல்லா சம்பாதிப்பாங்க. அதனால அவங்களுக்குச் சராசரியையே போட்டுடுவோம். சராசரிக்கு எந்தச் சேதாரமும் வராது.”

“மீதி பதினெட்டு பேர்?”

“எட்டுப் பேர் வேலை இல்லைன்னு சொன்னாங்க. அவங்களைச் சேர்த்தா அவங்க மனசு புண்படும். விட்டுட்டோம்.”

“அப்போ பத்துப் பேர்.”

“பத்துப் பேர். ஒன்பது பேருக்கு இருபத்திரெண்டாயிரம். ஒருத்தருக்கு ஏழு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம்.”

தராசுக்காரர் மனக்கணக்குப் போட்டார். சரியாகத்தான் இருந்தது. கூட்டினால் ஒன்பது லட்சத்து நாற்பத்தாறாயிரம், பத்தால் வகுத்தால் தொண்ணூற்று நான்காயிரத்து அறுநூறு. ஒரு பைசா தப்பில்லை. அதுதான் அவரைத் தொந்தரவு செய்தது. கெட்டுப்போன தராசுகூட இவ்வளவு துல்லியமாகப் பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை.

“அந்த ஒருத்தர் என்ன பண்றார் சார்?”

“அவங்க அப்பாவுக்கு சிமெண்ட் கம்பெனி. பட்டம் வாங்கின மறுநாளே நிர்வாக இயக்குநர் ஆயிட்டார்.”

“மூளை நரம்பியல் படிச்சுட்டு சிமெண்ட்டா?”

“கம்பெனியை எதை வெச்சு நடத்தறார்? மூளையை வெச்சுத்தானே” என்றார் இயக்குநர். அவர் சிரிக்கவில்லை.

“சரி சார். மீதி ஒன்பது பேர்ல ஒருத்தரையாவது நேர்ல பார்க்க முடியுமா?”

இயக்குநர் முகம் பிரகாசமானது. “ஒருத்தர் என்ன, ஒன்பது பேரையும் பாருங்க. பக்கத்து அறைலதான் இருக்காங்க.”

பக்கத்து அறையில் ஒன்பது மேசை, ஒன்பது தொலைபேசி, காதில் கருவி மாட்டிய ஒன்பது பட்டதாரிகள். எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘உங்கள் தற்போதைய மாத வருமானம் எவ்வளவு?’ என்ற வாக்கியம் அறையின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் வந்தது. மூளை நரம்பியல் படித்தவர்களுக்கு மூளை நரம்பியல் படித்தவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று கேட்கும் வேலை கிடைத்திருந்தது. கையேட்டில் இதைத்தான் ‘தொடர்புடைய துறையில் தொண்ணூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்று அச்சடித்திருந்தார்கள்.

ஓரத்து மேசைப் பெண் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு அவர்களை உட்காரச் சொன்னாள். ஆறு மாத ஒப்பந்தமாம். ஒப்பந்தத்துக்குள்தான் கணக்கெடுப்புத் தேதி வரும். அது முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்துவிடும், புதுப்பித்தால்தான் உண்டு.

“சம்பளம் யார் தர்றாங்க?” என்று கேட்டார் தராசுக்காரர்.

“நீங்கதான். கட்டண ரசீதுல வேலைவாய்ப்பு மேம்பாட்டு நிதின்னு ஒரு வரி இருக்கும் பாருங்க. அதுதான் நாங்க.”

“கடன்?”

“பன்னிரண்டு லட்சம். மாசம் பதினாறாயிரத்து ஐநூறு தவணை. மீதி ஐயாயிரத்து ஐநூறு இருக்கு. நான் சாதாரணமாவே அதிகம் சாப்பிட மாட்டேன்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “இன்னொரு விஷயம். நாங்க பேசற ஆள் குறைஞ்ச வருமானம் சொன்னா, சரியாக் கேக்கத் தெரியலன்னு எங்க பேர்ல குறை எழுதுவாங்க. அப்புறம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டாங்க.”

தராசுக்காரர் திரும்பினார். மகளைப் பார்த்தார். அவள் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வேறு எதையோ கேட்கத் தவித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, படிப்பு எப்படிக்கா இருந்துச்சு?”

அந்தப் பெண் காதுக்கருவியை மேசை மேல் வைத்தாள். அந்த அறையில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருக்கிறது.

“படிப்புல பொய் இல்ல” என்றாள். “ரெண்டாம் வருஷத்துல, வலிப்பு வரும்போது மூளையில என்ன நடக்குதுன்னு ஒரு வரைபடத்துல காட்டினாங்க. முதல்ல ஒரு இடத்துல ஆரம்பிச்சு அப்படியே பரவும். அன்னிக்கு நான் பஸ்ல ஏற மறந்து வீடு வரைக்கும் நடந்தே போனேன். அவ்வளவு சந்தோஷம்.”

மகளின் கண் கலங்கியது. “எந்தக் கை முதல்ல இழுக்குதுன்னு பார்த்தா, எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ல முடியுமாக்கா?”

“முடியும்” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு ஆய்வகத்தைப் பார்க்காமல் கிளம்ப மகள் சம்மதிக்கவில்லை. அதே மாடிதான், கடைசி அறை. அவள் கண்ணாடிக் குடுவைக்குள் இருந்த மூளையின் முன் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். ஆய்வகப் பொறுப்பாளர் கவனித்தது, தராசுக்காரர் எங்கே போனாலும் கூடவே எடுத்துப்போகும் மரப்பெட்டியை.

“நீங்க தராசு பார்ப்பீங்களா? இங்க ஒண்ணு ரெண்டு வருஷமா தகராறு பண்ணுது. காலையில ஒரு எடை, சாயந்தரம் ஒரு எடை.”

தராசுக்காரர் குனிந்து பார்த்தார். தராசின் ஒரு காலுக்கடியில் உடைந்த அழிப்பான் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்துப் போட்டார். சமதளம் பார்த்தார், எடைக்கற்களை வைத்துப் பார்த்தார், சீட்டுக் கட்டினார். பத்து நிமிஷம். இந்த இரண்டு வருஷத்தில் அந்தத் தராசை நம்பி ஏழு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியாகியிருந்தன என்று பொறுப்பாளர் சொன்னார். இனிமேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் சொன்னார்.

“நூத்தைம்பது குடுங்க போதும்” என்றார் தராசுக்காரர்.

“ஐநூறுக்குக் கீழ வவுச்சர் போட முடியாதுங்க” என்று சொல்லி, ‘மூளை நரம்பியல் துறை, பத்து நிமிஷப் பணி, ஐநூறு’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அந்த வவுச்சர்தான் வினை. மூளை நரம்பியல் துறை யாருக்குப் பணம் கொடுத்தாலும் அதன் நகல் வருமான ஆய்வு மையத்துக்குப் போய்விடும். தராசுக்காரர் படிக்கட்டை எட்டுவதற்குள் இயக்குநர் மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடி வந்தார்.

“வாழ்த்துகள்! பத்து நிமிஷத்துக்கு ஐநூறுன்னா மணிக்கு மூவாயிரம். எட்டு மணி நேரத்துக்கு இருபத்திநாலாயிரம். இருபத்தாறு நாளைக்கு ஆறு லட்சத்து இருபத்திநாலாயிரம். எங்க துறையிலேயே இப்போ ரெண்டாவது அதிக வருமானம் உங்களுக்குத்தான்.”

“சார், நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன்.”

“அது சேர்க்கைப் பிரிவு பார்க்க வேண்டிய விஷயம். எங்களுக்கு நீங்க மூளை நரம்பியல் துறையில சம்பாதிக்கறவர். பதிவு பண்ணியாச்சு. சராசரி ஒரு லட்சத்து நாற்பத்திரெண்டாயிரத்து எழுநூத்து இருபத்தேழு. கையேட்டைக்கூட மாத்தச் சொல்லிட்டேன்.”

மணி மூன்றரை. கீழே எழுத்தரின் கணினித் திரையில் எண்கள் ஏற்கனவே மாறியிருந்தன.

“உங்க பொண்ணு கட்டணம் ஏறியிருக்குங்க” என்றார் எழுத்தர். “இங்க கட்டணம் வருமானத்தோட இணைச்சது. சராசரி ஏறினா அதே விகிதத்துல கட்டணமும் ஏறும். பன்னிரண்டு லட்சம் இப்போ பதினெட்டு லட்சத்துப் பத்தாயிரம். அப்புறம், மாசம் ஆறு லட்சம் சம்பாதிக்கற குடும்பத்துக்கு வட்டிச் சலுகை கிடையாது.”

தராசுக்காரர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓர் அழிப்பான் துண்டை எடுத்துப் போட்டதில் ஆறு லட்சம் போய்விட்டது.

“என் பேரை எடுத்துடச் சொல்லுங்க மேடம். நான் தராசு ரிப்பேர் பண்றவன்.”

எழுத்தர் உள்தொலைபேசியில் இயக்குநரைக் கேட்டார். பதில் வந்தது. “எடுக்கணும்னா, வேலை இல்லாதவர்னு எழுதித் தரணுமாம். வேலை இல்லாதவங்களை அவங்க கணக்குல சேர்க்கறதில்ல.”

“எழுதித் தர்றேன்.”

“தரலாம். ஆனா வேலை இல்லாதவர் ஜாமீன் போட முடியாது.”

மணி மூன்று நாற்பத்தைந்து. வாசல் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். மகள் நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்து, பையின் ஜிப்பை முழுசாக இழுத்து மூடினாள்.

“வேணாம்பா. போயிடலாம். வேற ஏதாவது படிக்கிறேன்.”

“வேற என்ன படிப்ப?”

அவள் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தராசுக்காரருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு எழுந்து உள்ளே போனார். படிவத்தை வாங்கி, பதினான்காவது பத்தியில் தன் கைப்பட, குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்:

‘நானே நேரில் சரிபார்த்தேன். தப்பு. ஒரே ஆள் எடையைப் பத்துப் பேருக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். எனக்குத் திருப்தி இல்லை. என் மகள் படிக்க ஆசைப்படுகிறாள், அதனால் கையெழுத்துப் போடுகிறேன்.’

எழுத்தர் அதை வாங்கி விரலால் வரிகளை எண்ணினார். “மூணு வரியாவது இருக்கணும். அஞ்சு இருக்கு. கையெழுத்து அழகா இருக்குங்க” என்று சொல்லி, அதன் மேலேயே ‘திருப்தி’ என்ற முத்திரையைக் குத்தினார்.

அவள் படித்தாள். நன்றாகவே படித்தாள். இரண்டாம் வருஷத்தில் ஒருநாள் கல்லூரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்து, பழைய சீட்டு ஒன்றின் பின்பக்கம் மூளை வரைந்து, அம்மாவுக்கு எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று புள்ளி வைத்துக் காட்டினாள். தராசுக்காரர் அந்தச் சீட்டைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

பதிவேட்டில் ஏறிய பெயர் இறங்கவில்லை. வருஷா வருஷம் ஆய்வு மையத்திலிருந்து அவருக்குத் தொலைபேசி வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் உள்ளதைச் சொன்னார்: மாதம் பதினெட்டாயிரம். அடுத்த வருஷம் பேசுவது வேறு குரலாக இருக்கும். பழைய குரல் என்னவாயிற்று என்று அவருக்குத் தெரியும். பொய் எடை போட முடியாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அன்று முழுக்க வேலை ஓடாது.

பட்டம் வாங்கிய மகள் ஏழு ஆய்வகங்களுக்கு எழுதிப் போட்டாள். எல்லோரும் இன்னும் இரண்டு பட்டம் வேண்டும் என்றார்கள். அதற்குக் கடன் கேட்டால் வருமானச் சான்று கேட்டார்கள். ஒருநாள், “வேலை கிடைச்சிருக்குப்பா, பல்கலைக்கழகத்துலயே” என்றாள். எந்த மாடி என்று அவர் கேட்கவில்லை. சம்பளம் இருபத்திரெண்டாயிரம், தவணை இருபத்தைந்தாயிரம். மீதி மூவாயிரத்தை அவர் கட்டினார்.

ஒரு மதியம். மேசை மேல் இறைச்சிக்கடைத் தராசு இருந்தது. ஒரு கிலோ கல்லை மூன்றாவது மூலைக்கு நகர்த்தும்போது தொலைபேசி அடித்தது.

“வணக்கம் ஐயா. பட்டதாரி வருமான ஆய்வு மையத்திலிருந்து பேசுகிறோம். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது.”

தராசுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் குரலை அவருக்கு அது பிறந்த நாளிலிருந்து தெரியும்.

“சொல்லுங்க” என்றார்.

“நீங்கள் சார்ந்த துறை?”

“மூளை நரம்பியல்.”

“உங்கள் தற்போதைய மாத வருமானம் எவ்வளவு?”

கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். அவள் மூச்சு விடுவது கேட்டது. அப்பா என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

“ஆறு லட்சத்து இருபத்திநாலாயிரம்” என்றார் தராசுக்காரர்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, “இன்னொரு தடவை சொல்ல முடியுங்களா?” என்றது குரல்.

“ஆறு லட்சத்து இருபத்திநாலாயிரம். நல்லா எழுதிக்கோங்க.”

“கடனையும் வருமானத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கையில், இந்தப் படிப்பு உங்களுக்குத் திருப்தி அளித்ததா?”

“முழுத் திருப்தி.”

“நன்றி ஐயா. வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?”

தராசுக்காரர் கல்லைத் தட்டிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

“அம்மாவுக்கு இன்னிக்குக் காலைல வந்துச்சு. எட்டேகாலுக்கு. நாற்பது வினாடி. இடது கைதான் முதல்ல.”

பேனா ஓடும் சத்தம் கேட்டது.

“எழுதிக்கிட்டேன்பா” என்றாள்.